சிங்கப்பூருக்குப் பேசாதவர்

"முந்நூறு ரூபாய் ரீசார்ஜ் கார்டு, இருபது குடுங்கோ."

கல்லாப்பெட்டியைத் திறக்கப் போன கருத்தக்கண்ணனின் கை அப்படியே நின்றது.

கோரிப்பாளையம் சந்திப்பில் எஸ்.டி.டி. பூத் வைத்து அவனுக்கு ஒன்பது வருஷமாகிறது. செல்போனுக்கு வரும் அழைப்புக்குக் காசு பிடிப்பதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஊரில் பாதிப் பேர் கையில் செல்போன். பூத்துக்குக் கூட்டம் குறைந்ததும் ரீசார்ஜ் கார்டையும் சேர்த்து விற்க ஆரம்பித்திருந்தான். ஒருவர் ஒரு கார்டு வாங்குவார், மிஞ்சிப் போனால் இரண்டு. போன வாரம்தான் பரவை மார்க்கெட் வெங்காய வியாபாரி ஒருவர் பதினைந்து வாங்கினார். மறுநாள் அதே ஆள் கடை வாசலில் வந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். யாரோ போனில் கூப்பிட்டு, உங்கள் போனில் பெரிய கட்டணம் ஏறியிருக்கிறது, உடனே கட்டாவிட்டால் போலீஸ் வரும் என்று மிரட்டி, கார்டுகளைச் சுரண்டி உள்ளே இருக்கும் நம்பர்களைப் படிக்கச் சொல்லியிருக்கிறான். இவரும் பதினைந்தையும் படித்திருக்கிறார். நம்பர் போனால் கார்டுக்குள் இருக்கும் காசும் போச்சு. வெறும் அட்டைதான் மிச்சம்.

எதிரில் நின்ற பெரியவரைக் கருத்தக்கண்ணன் ஏற இறங்கப் பார்த்தான். நெற்றியில் விபூதி, தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் குடை. சட்டை மட்டும் முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

"இருபது எதுக்கு சார்?"

"கடைக்காரா காரணமெல்லாம் கேக்கப்படாது. இருக்கா, இல்லையா?"

"இருக்கு. உங்க போனு கார்டு போடுற போனா, பில்லு வார போனா?"

"பில் வர போன். என் பையன் ஷ்யாம் பெங்களூர்லேர்ந்து வாங்கி அனுப்பினான்."

"பில்லு வார போனுக்கு எதுக்கு சார் கார்டு?"

பெரியவர் ஒரு அடி பின்னால் நகர்ந்து, "அவர் சொன்னது அப்படியே நடக்கறதே!" என்று முணுமுணுத்தார்.

"எவரு சொன்னாரு?"

"ஒண்ணுமில்லை. குடுங்கோ, நான் போகணும்."

"நான் தர மாட்டேன் சார். உங்கள எவனோ ஏமாத்துறான். அவன் கூப்பிட்டா போனை எடுக்காதீங்க, வீட்டுக்குப் போயி ஒரு சொம்பு தண்ணி குடிங்க."

பெரியவர் குடையைக் கல்லா மேஜையில் மறந்து வைத்துவிட்டு, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே விழுந்தடித்து ரோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்கத்தில் இருந்த சின்னான் கடைக்குள் நுழைந்தார்.

உள்ளே கண்ணாடிக் கேபின் பக்கம் பில்லைக் கிழித்துக்கொண்டிருந்த முனியாயி எட்டிப் பார்த்தாள். கருத்தக்கண்ணனின் மனைவி. பன்னிரண்டு வருஷமாக அவன் செய்யும் நல்ல காரியங்களுக்கெல்லாம் விலை கொடுத்துக்கொண்டிருப்பவள்.

"ஏங்க, தேடி வந்த யாவாரத்த விரட்டுறீகளே! இம்புட்டு யாவாரம் ஒரு வாரத்துக்கு ஆகுமா நமக்கு?"

"பெரிய மனுசன் ஏமாறப் போறாருடி. நீ கடையப் பாத்துக்க, இந்தா வாரேன்."

குடையை எடுத்துக்கொண்டு அவன் ஓடினான்.

சின்னான் கடையில் அதற்குள் வியாபாரம் முடிந்திருந்தது. இருபது கார்டையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்ததோடு, இம்புட்டு வாங்குற ஆளுக்கு என்று ஒரு சாவிக்கொத்தும் இலவசமாகக் கொடுத்திருந்தான் சின்னான். பெரியவர் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, எட்டணாக் காசை எடுத்து முதல் கார்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"டேய் சின்னான், அவருக்குக் கார்டு குடுக்காதடா!"

"ஏண்ணே? நீங்க வித்தா யாவாரம், நான் வித்தா பாவமா?"

பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. கருத்தக்கண்ணன் பாய்ந்து பெரியவர் மடியில் இருந்த கார்டுக் கட்டைப் பிடுங்கினான்.

அதுதான் தப்பாகப் போனது.

"திருடன்! திருடன்!" என்று பெரியவர் போட்ட கூச்சலில் டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸோடு வந்தார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு வந்தார்கள். பூக்காரம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வரிசைக்கே வந்துவிட்டாள்.

"வயசான மனுசன்கிட்ட புடுங்குறியே, நீயெல்லாம் ஒரு ஆளா?"

"எதிர்த்தாப்புல பூத்து வச்சிருக்கவன்யா இவன்! இவனுக்கு என்ன கேடு?"

"அய்யா, நான் புடுங்கல. காப்பாத்துறேன்."

"எங்க பர்ஸையும் இப்படித்தேன் ஒருத்தன் காப்பாத்திட்டுப் போனான்" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

கருத்தக்கண்ணன் பெரியவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான். "சார், உங்களுக்குப் போன் பண்ணவன் என்ன சொன்னான்? அத மட்டும் சொல்லுங்க. பெறகு கார்டைத் தந்துடுறேன்."

பெரியவர் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு அவன் காதோரம் குனிந்தார். அவர் பெயர் கல்யாணராமன். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் தணிக்கைப் பிரிவு சூப்பரிண்டெண்ட். அடுத்தவர் போட்ட பில்லில் தப்புக் கண்டுபிடிப்பதே முப்பது வருஷ வேலை. ரிட்டயர் ஆக எட்டு மாதம் பாக்கி.

"காலம்பற போன் வந்தது. மெட்ராஸ் ஹெட் ஆபீஸாம். என் போன்லேர்ந்து சிங்கப்பூருக்குப் பேசியிருக்காம். பன்னெண்டாயிரம் ரூபாயாம். இன்னிக்கே கார்டா வாங்கிக் கட்டினா பாதி போதுமாம்."

"சிங்கப்பூருல யாரு இருக்கா உங்களுக்கு?"

"யாருமில்லை. அது..." அவர் குரல் இன்னும் இறங்கியது. "அது அந்த மாதிரி நம்பராம். பொம்மனாட்டிகள் பேசுவாளாமே... நாப்பத்தேழு நிமிஷம் பேசியிருக்கேனாம்."

"பேசுனீகளா?"

"சிவ சிவா!"

"பெறகு என்ன பயம்?"

"பேசலைன்னு யார்கிட்ட போய் நிரூபிக்கறது? அஞ்சு மணிக்குள்ள கட்டலைன்னா, அந்த நம்பரெல்லாம் போட்ட லிஸ்ட் ஒண்ணு ஆத்துக்கும், ஒண்ணு ஆபீஸுக்கும் பதிவுத் தபால்ல வருமாம். என் ஆம்படையா கையெழுத்துப் போட்டு வாங்குவா. ஆபீஸ்ல என் ப்யூன் பிரிப்பான்."

"அட, அது அம்புட்டும் பொய் சார்!"

"இதையும் அவர் சொல்லியாச்சு. கார்டு விக்கற கடைக்காரா சில பேரே போன் மோசடிக் கும்பலுக்கு உடந்தை, உங்களைத் தடுப்பா, பொய்னு சொல்லுவா, காது குடுக்காதேள்னார். இப்ப நீங்க அதைத்தானே பண்றேள்?"

கருத்தக்கண்ணன் கார்டுக் கட்டை இறுக்கிப் பிடித்தான். ஒருவனைக் காப்பாற்ற வருபவனையே கள்ளனாக்கி வைத்துவிட்டு ஒருவன் போனில் உட்கார்ந்திருக்கிறான். என்ன மூளை!

தான் சொன்னால் கேட்க மாட்டார், வீட்டு ஆள் சொன்னால் கேட்பார் என்று அவனுக்குத் தோன்றியது. குடையை விரித்துப் பார்த்தான். தணிக்கைக்காரர் அல்லவா, உள்பக்கத் துணியில் வெள்ளைப் பெயின்டில் பெயர், விலாசம், வீட்டுப் போன் நம்பர் எல்லாம் எழுதி வைத்திருந்தார். சின்னான் கடையின் சிவப்புப் போனில் ஒரு ரூபாய்க் காசைப் போட்டான்.

"ஹலோ, அம்மா, கல்யாணராமன் சார் வீடுங்களா? பயப்படாதீங்கம்மா. சாரு உசுரோடதான் இருக்காரு."

மறுமுனையில் ஒரு அலறல்.

"ஐயையோ, அழாதீங்க! ஒண்ணும் ஆகல. கோரிப்பாளையத்துல ரோட்டோரமா உக்கார வச்சிருக்கோம்."

"எந்த ஆஸ்பத்திரி? எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லுங்கோ!"

"ஆஸ்பத்திரி இல்லம்மா! செல்போன் பில்லு ஒண்ணு வீட்டுல இருந்தா எடுத்துக்கிட்டு வெரசா சின்னான் கடைக்கு வாங்க. சிங்கப்பூருல ஒரு பொம்பளை கூட சாரு..."

ஒரு ரூபாய் தீர்ந்தது. லைன் துண்டித்துக்கொண்டது.

அவன் திரும்பியபோது கல்யாணராமன் எழுந்து நின்றிருந்தார்.

"யாருக்குப் பேசினேள்?"

"உங்க வீட்டம்மாவுக்குத்தேன்."

"அகிலாண்டத்துக்கா!" அவர் மறுபடி பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். "பதிவுத் தபாலாவது நாளைக்குத்தான்யா வந்திருக்கும். நீர் இன்னிக்கே குடுத்துட்டீரே!"

அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப்பையில் இருந்த செல்போன் அடித்தது. அவர் எடுப்பதற்குள் கருத்தக்கண்ணன் பறித்துவிட்டான்.

"யார்ரா நீ? பெரிய மனுசங்களப் பயங்காட்டி பொழைக்கிறியே, ஒனக்கு வெக்கமா இல்ல?"

அந்தப் பக்கம் கொஞ்சமும் கோபமில்லாத, வழவழவென்ற குரல். "வணக்கம் சார். நீங்க கருத்தக்கண்ணன்தானே பேசுறது?"

கருத்தக்கண்ணன் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தான்.

"கோரிப்பாளையம் கருத்தக்கண்ணன். உங்க பேருலயும் எங்க கம்ப்யூட்டர்ல ஒரு புகார் இருக்கு சார். போனை அவர்கிட்ட குடுத்துட்டு ஒதுங்கிக்கங்க. உங்களுக்கு நல்லது."

"எம்... எம்பேரு இவனுக்கு எப்படித் தெரியும்?" என்று கருத்தக்கண்ணன் வாய்விட்டே கேட்டுவிட்டான்.

"அதத்தான் நாங்களும் கேக்குறோம்" என்றார் டீ கிளாஸோடு நின்றவர். "ஒம்பேரு அவனுக்கு எப்படித் தெரியும்?"

கூட்டம் ஒரு அடி நெருங்கி வந்தது. மெட்ராஸில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தன்னைத் தெரிந்திருக்கிறது என்றால், நிஜமாகவே ஏதாவது புகார் இருக்குமோ? தொண்ணூற்று ஐந்தில் பூத்துக்காக டெலிபோன் இலாகாவுக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் தகப்பனார் வயதை மாற்றி எழுதியது அவனுக்கு ஞாபகம் வந்தது.

"என்னய்யா கூட்டம்? ரோட்டை மறிச்சுக்கிட்டு?"

டிராஃபிக் பார்த்துக்கொண்டிருந்த ஏட்டு பேயாண்டி விசிலோடு உள்ளே நுழைந்தார். கருத்தக்கண்ணனுக்குப் போன உயிர் வந்தது. ஏட்டையாவை அவனுக்குத் தெரியும். நல்ல மனுஷர். யார் சொன்னாலும் நம்புவார் என்பது ஒன்றுதான் குறை.

விஷயத்தைச் சொன்னதும் பேயாண்டி போனை வாங்கிக் காதில் வைத்தார். "ஹலோ! போலீஸ் பேசுறேன்!"

"வணக்கம் ஏட்டையா. நல்ல நேரத்துல வந்தீங்க. உங்க வலது பக்கம் நீலக் கட்டம் போட்ட சட்டை, கையில கறுப்புக் குடையோட ஒருத்தன் நிக்கிறானா?"

பேயாண்டி வலது பக்கம் திரும்பினார். நீலக் கட்டம் போட்ட சட்டையில், கையில் கறுப்புக் குடையோடு கருத்தக்கண்ணன் நின்றான்.

"ஆமா, நிக்கிறான்... உங்களுக்கு எப்படிங்க தெரியுது?"

"எல்லாம் சேட்டிலைட்தான்."

பேயாண்டியின் கை தானாகச் சட்டையின் மேல் பட்டனைப் போட்டது. கால்கள் ஒன்று சேர்ந்தன. "சரிங்க சார். உத்தரவு சார்" என்றார். போனை மூடிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார். "சேட்டிலைட்ல பாத்துக்கிட்டு இருக்காராம்."

மொத்தக் கூட்டமும் அண்ணாந்து வானத்தைப் பார்த்தது. ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். பூக்காரம்மா மாராப்பைச் சரி செய்தாள். கருத்தக்கண்ணனும்தான் பார்த்தான். மேலே ஒரு பருந்து மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"அஞ்சு நிமிசத்துல மறுபடி கூப்பிடுவாரு. அதுக்குள்ள பெரியவரு கார்டு அம்புட்டையும் சுரண்டி வைக்கணும். நீ இங்கனயே நில்லு" என்று பேயாண்டி கருத்தக்கண்ணனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கார்டுக் கட்டு கல்யாணராமன் மடிக்குத் திரும்பியது.

"ஏட்டையா, நெசமா நான் நல்லது செய்ய வந்தவன்!"

"அத ஸ்டேசன்ல வந்து சொல்லு."

அப்போது ஓர் ஆட்டோ கிறீச்சென்று வந்து நின்றது. மடிசார்ப் புடவையும் கலைந்த தலையுமாக ஓர் அம்மாள் இறங்கினாள். ஒரு கையில் மணிபர்ஸ், இன்னொரு கையில் போன் பில். கணவர் கை கால் முழுசாக இருப்பதை மேலிருந்து கீழ் வரை பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"சிங்கப்பூர்ல யாரு?"

கல்யாணராமன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். இனி மறைக்க ஒன்றுமில்லை. பன்னிரண்டாயிரம், அந்த மாதிரி நம்பர், நாற்பத்தேழு நிமிஷம், பதிவுத் தபால் என்று எல்லாவற்றையும் கூட்டத்தின் நடுவிலேயே ஒப்பித்தார். கருத்தக்கண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். ஒரு குடும்பம் தன்னால் சிதறுவதைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை.

அந்த அம்மாள் கணவரின் முகத்திலிருந்து கையை விலக்கினாள்.

"நீங்களா?" என்றாள் அகிலாண்டம். "சிங்கப்பூருக்கா? பெங்களூர்ல இருக்கற நம்ம ஷ்யாமுக்கு நம்பரை நான்தானே அமுக்கித் தரேன் உங்களுக்கு? சிவப்பு பட்டன் எது, பச்சை எதுன்னு இன்னமும் தெரியாது!"

"அவர் அடிச்சுச் சொன்னாரே அகிலா..."

"நாப்பத்தேழு நிமிஷமாம், ஒரு பொம்மனாட்டியோட!" அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம். எல்லாத்தையும் கூட்டிப் பாத்தாலும் என்னோட நாப்பத்தேழு நிமிஷம் பேசியிருக்க மாட்டார் இந்த மனுஷர்!"

டீ கிளாஸ்காரருக்குப் புரையேறியது. பூக்காரம்மா சிரித்த சிரிப்பில் கூடை குலுங்கியது.

அகிலாண்டம் சிரிக்கவில்லை. சின்னானிடம் சில்லறை வாங்கி, கையில் இருந்த பில்லின் பின்பக்கம் அச்சடித்திருந்த கம்பெனி நம்பருக்கு அவளே போன் போட்டாள். அந்தப் பக்கம் பேசிய பெண்ணிடம் பில் நம்பரைச் சொன்னாள். "ம்... ம்... அப்படியா... சரிம்மா" என்று நாலு வார்த்தை. போனை வைத்தாள்.

"ஒரு பைசா பாக்கி இல்லை. இந்தப் போன்ல வெளிநாட்டுக்குப் பேசற வசதியே போட்டுக் குடுக்கலையாம். கம்பெனிக்காரா யாரும் கார்டைச் சுரண்டி நம்பர் கேக்க மாட்டாளாம். எவனாவது அப்படி அவசரப்படுத்தினா, பேச்சு வளக்காம போனை வச்சுட்டு, பில்லுல இருக்கற நம்பருக்கு நாமளே பேசிக் கேக்கணுமாம்." அவள் கணவர் மடியில் இருந்த கட்டைப் பார்த்தாள். "எத்தனை படிச்சுக் குடுத்தாச்சு?"

"ஒண்ணும் இல்லை. ஒண்ணைத்தான் சுரண்டியிருக்கேன்." கல்யாணராமன் கருத்தக்கண்ணனைக் காட்டினார். "இந்தப் பிள்ளை புடுங்காம இருந்தா இந்நேரம் இருபதையும் படிச்சிருப்பேன்."

பேயாண்டி கருத்தக்கண்ணனின் மணிக்கட்டை மெதுவாக விட்டார். விட்ட கையாலேயே அவன் சட்டையில் இல்லாத தூசியைத் தட்டினார்.

பத்தே நிமிஷத்தில் உலகம் திரும்பிப் படுத்துக்கொண்டது. சின்னான் முணுமுணுத்துக்கொண்டே பத்தொன்பது கார்டுகளைத் திரும்ப வாங்கிப் பணத்தைக் கொடுத்தான். கல்யாணராமன் கருத்தக்கண்ணனின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திருடன் என்றவர்கள் அண்ணே என்றார்கள். யாரோ அவன் கையில் ஸ்பெஷல் டீயைத் திணித்தார்கள்.

"இதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. பத்து வருசமா போன் தொழில்ல இருக்கமா, குரலக் கேட்டாலே ஆளு எப்படின்னு சொல்லிப்புடுவேன்" என்றான் கருத்தக்கண்ணன். தலைக்குள் மேளம் கொட்டியது. ஒன்பது வருஷம் எப்போது பத்தானது என்று அவனுக்கே தெரியவில்லை.

ஆனால் பேயாண்டிக்கு மட்டும் ஆறவில்லை. "என்னையே 'சார்' போட வச்சுட்டானேய்யா! அந்தப் பயல விடக் கூடாது. போன் வந்துச்சுல்ல, அவன் நம்பரு இதுக்குள்ள விழுந்திருக்கும்ல?"

காலையிலிருந்து அதை ஒருவரும் பார்க்கவில்லை. கல்யாணராமனுக்குச் செல்போனின் சின்ன எழுத்து மங்கலாகத்தான் தெரியும். அகிலாண்டம் போனை வாங்கி, பையன் சொல்லிக் கொடுத்தபடி ரெண்டு பட்டன் அமுக்கினாள்.

"இருக்கு. வந்த போனெல்லாம் ஒரே நம்பர்லேர்ந்துதான்."

"போடுங்கம்மா, அதே நம்பருக்கு!"

"ஏட்டையா, இருங்க." கருத்தக்கண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "நான் பேசுறேன். இதுல ஸ்பீக்கர் இருக்கும், அதுல போடுங்க. அவன நான் கேக்குற கேள்விய ஊரே கேக்கட்டும்."

"அண்ணே, விடாதீக!" என்றது கூட்டம்.

அகிலாண்டம் பச்சை பட்டனை அமுக்கி, ஸ்பீக்கரைப் போட்டு, போனைத் தூக்கிப் பிடித்தாள். கூட்டம் வாயை மூடியது. கருத்தக்கண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டான். முதல் வார்த்தையாக எதைச் சொல்வது என்று நாலைந்தைப் புரட்டிப் பார்த்து, இருப்பதிலேயே கெட்டதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து நாக்கு நுனியில் வைத்துக்கொண்டான்.

மூன்று முறை மணி அடித்தது. நாலாவது மணிக்கு எடுத்தார்கள்.

"ஹலோ, கருத்தக்கண்ணன் எஸ்.டி.டி. பூத்துங்க! ரெண்டாம் நம்பர் கேபின்ல இருந்த சாரையா கேக்குறீக? காலையிலருந்து பேசுன காசு அம்புட்டையும் எங்க வீட்டுக்காரரு குடுப்பாரு, நாங்க ரெண்டு பேரும் கூட்டாளிகன்னு சொல்லிட்டு இப்பத்தேன் கெளம்பிப் போறாரு!"